பச்சைச் சாயம் இன்னும் வரவில்லை

அன்புள்ள கதிர்,

இன்று, புதன்கிழமை மாலை நான்கு மணி வரை உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான்: உங்கள் சுவருக்குப் பின்னால் இருக்கும் சாந்தம்மாவின் கழிவுநீர்க் குழியில் ஞாயிறு காலை ஊற்றிய பச்சைச் சாயம், உங்கள் அபார்ட்மென்ட் போர்வெல் தண்ணீரில் இதுவரை கண்ணுக்குத் தெரியவில்லை. சொன்னவர் பிளம்பர் செல்வம். ஞாயிறு மதியத்திலிருந்து காலை, மதியம், மாலை என்று பாட்டிலில் தண்ணீர் பிடித்து, மூடியில் நேரம் எழுதி, வெள்ளைத் தாளுக்கு முன்னால் வைத்துப் பார்த்திருக்கிறார். இன்று மதியம் வரைக்கும் பத்து பாட்டில்கள். பத்தையும் நானும் பார்த்துவிட்டேன். பச்சை இல்லை. இதை வைத்துக்கொண்டு சாந்தம்மாவின் குழி ஒழுகவில்லை என்று நான் சொல்லவில்லை. பாறைக்கு நடுவே தண்ணீர் எந்த விரிசல் வழியாக, எத்தனை நாளில் வரும் என்று எனக்கும் தெரியாது, செல்வத்துக்கும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத அளவில் சாயம் வந்திருக்கவும் கூடும் என்பதால் பாட்டில்களை ஆய்வுக்கூடத்தில் கொடுத்திருக்கிறோம். இன்று மாலையின் செய்தி "இதுவரை வரவில்லை" என்பது மட்டும்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீ என் போனை எடுக்கவில்லை. ரம்யாதான் எடுக்கிறாள். "பாப்பா நல்லாருக்கா அத்தை, ரெண்டு இட்லி சாப்ட்டா. அவர்தான் இன்னும் மூஞ்சியத் தூக்கி வச்சிட்டிருக்கார்" என்றாள். யாழினி இட்லி சாப்பிட்டாள் என்று கேட்டதும் பாதிப் பாரம் இறங்கிவிட்டது. மீதிப் பாரம் நீ. நாம் இருவரும் பேச ஆரம்பித்தால் நீ என் வாக்கியத்தை முடிக்க விடமாட்டாய், நானும் உன்னுடையதை முடிக்க விடமாட்டேன். அதனால் எழுதுகிறேன். பத்திரிகையில் என் வாரப் பக்கத்துக்காகத்தான் எழுதுகிறேன் என்றாலும் முதலில் உன்னிடம்தான் வருகிறது. நீ வேண்டாம் என்றால் அச்சுக்குப் போகாது. அச்சுக்குப் போனாலும் உங்கள் கட்டடத்தின் பெயர் இதில் இருக்காது.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், தப்பு இருந்தால் திருத்து. பொம்மனஹள்ளியில் நீங்கள் குடியிருக்கும் நாற்பது வீட்டுக் கட்டடத்தில் இரண்டு வாரத்துக்கு முன் குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தது. நம் யாழினி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றிக்கொண்டு கிடந்தாள். நான்கு வயதுக் கையில் அந்த ஊசியைப் பார்த்துவிட்டு நீ வராந்தாவில் போய் நின்றுகொண்டாய், நானும் பார்த்தேன். போர்வெல் தண்ணீரைச் சோதித்ததில் மலத்திலிருந்து வரும் கிருமி இருக்கிறது என்று அறிக்கை வந்தது. உங்கள் காம்பவுண்டு சுவருக்குப் பின்னால் சாந்தம்மாவின் எட்டு அறை லைன் வீடு இருக்கிறது. கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகும் பெண்கள், அறைக்கு மூன்று பேராகக் குடியிருக்கிறார்கள். அவர்களுடைய குழிதான் காரணம் என்று உங்கள் குடியிருப்போர் சங்கம் ஒரே கூட்டத்தில் முடிவு செய்துவிட்டது. குழியை மூடி, அறைகளைக் காலி செய்ய வேண்டும் என்று மாநகராட்சிக்கு மனு தயாராகிவிட்டது. அதில் கையெழுத்துப் போட வேண்டியது செயலாளரான நீ. மனு கொடுக்கும் அன்றே பத்திரிகையிலும் வந்தால் பலமாக இருக்கும் என்று என்னிடம் கேட்டாய். நான் முடியாது என்றேன். அங்கேதான் சண்டை தொடங்கியது.

அப்போது நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "அம்மா, இது ஏதோ தியரி இல்ல. அவங்க குழி இங்க இருக்கு, எங்க போர் இங்க இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?" நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். சத்தம் போட மனமில்லை, குழந்தை பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அடுத்து நான் செய்ததை உன்னிடம் சொல்லிவிட்டுச் செய்திருக்க வேண்டும். சொல்லவில்லை. அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஞாயிறு காலை செல்வத்தைக் கூட்டிக்கொண்டு நேராகச் சாந்தம்மாவிடம் போனேன். அந்த அம்மாளுக்குக் கன்னடம்தான் வீட்டு மொழி, இத்தனை வருடமாகத் தமிழ்ப் பெண்களுக்கு வாடகைக்கு விட்டுத் தமிழ் வந்துவிட்டது. நான் யார், யாருடைய அம்மா என்பதை முதலிலேயே சொன்னேன். குழியில் சாயம் ஊற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். விரட்டிவிடுவார் என்று நினைத்திருந்தேன். "ஊத்துங்கம்மா. என் குழியிலேந்து போகுதுன்னா நானே மூடிக்கிறேன். ஆனா இந்த மாதிரி ஒருத்தராவது வந்து கேட்டாங்களா? கேக்காமலே காலி பண்ணுன்னா ஹேகே? எப்படி?" என்றார். அறையிலிருந்து எட்டிப் பார்த்த திருப்பத்தூர்ப் பெண் ஒருத்தி, அவர்களுக்கும் ஒரு போர் இருப்பதாகவும், அது குழியிலிருந்து பத்தடி தூரத்தில்தான் என்றும், அந்தத் தண்ணீரைத்தான் எல்லோரும் அப்படியே குடிக்கிறார்கள் என்றும், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றும் சொன்னாள். "எங்களுக்கு லீவு போட்டா சம்பளம் போயிடும் ஆன்ட்டி, வயிறு சரியில்லன்னா எங்களுக்குத்தான் மொதல்ல தெரியும்" என்று சிரித்தாள். அந்த நேரத்தில்தான் நீ மாடி பால்கனியிலிருந்து என்னைப் பார்த்தாய்.

நீ இறங்கி வந்து சுவருக்கு அந்தப் பக்கம் நின்றபடி கேட்டாய்: "ஊர்ல வேற நியூஸே கிடைக்கலயாம்மா உனக்கு? எங்க பில்டிங்குக்கு எதிராவே சாட்சி தேடுறியா?" செல்வம் நிலைமையைச் சமாளிக்க நினைத்து, "சார், உங்க கழிவுநீர் சேம்பரையும் ஒரு தடவ தொறந்து பாத்துட்டா நல்லதுன்னு போன வாரமே சொன்னேன். அது பில்டர் போட்டதுன்னாங்க. யாரு போட்டா என்ன சார், குழி குழிதானே" என்றார். நீ திரும்பிப் போய்விட்டாய். நீ கோபித்துக்கொண்டது எனக்கு வலித்தது. ஆனால் உன் இடத்தில் நானும் முன்பு நின்றிருக்கிறேன் என்பதால், உன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

முதலில் அந்தத் 'தியரி' என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறேன். யாரோ அடித்துவிட்ட அனுமானம், ஆதாரமில்லாத பேச்சு என்ற பொருளில் நீ அதைச் சொன்னாய். பஸ்ஸிலும் டீக்கடையிலும் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் உயிர்களின் பரிணாமத்தைப் பற்றி ஒரு சின்னச் செய்தியில், "இது வெறும் கோட்பாடுதான், இன்னும் நிரூபிக்கப்படவில்லை" என்று ஒரு வரி சேர்த்தேன். அடுத்த வாரம் விவேக் நகரிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை போஸ்ட் கார்டு போட்டிருந்தார். திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி: உங்கள் வீட்டில் பாலைக் காய்ச்சிக் குடிக்கிறீர்களா, எந்தக் கோட்பாட்டை நம்பிக் காய்ச்சுகிறீர்கள்? எனக்கு அன்று அது புரியவில்லை. கொஞ்சம் எரிச்சலும் வந்தது. கார்டை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டேன். அது புரிய எனக்குப் பல வருடமும் லூர்து அண்ணனும் தேவைப்பட்டார்கள்.

லூர்து அண்ணனை உனக்கு நினைவிருக்கும். நாம் விவேக் நகரில் குடியிருந்தபோது, நீலசந்திராவுக்குப் போகும் வழியில் சர்பத்தும் ஐஸும் விற்றவர். நீ அப்போது ஐந்தாம் வகுப்பு. அந்தக் கோடையில் நீலசந்திராவின் சில தெருக்களில் குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை பரவியது. நான் அங்கே பதினோரு வீடுகளுக்குப் போனேன். சுகாதாரத் துறை ஊழியர் ஒருவர், பெயர் போடக்கூடாது என்ற நிபந்தனையோடு, லூர்து கடை ஐஸ்மேல்தான் சந்தேகம் என்றார். நான் பதினோரு வீட்டிலும் ஒரே கேள்வி கேட்டேன்: பிள்ளை அந்தக் கடையில் ஐஸ் சாப்பிட்டதா? பத்து வீட்டில் ஆமாம் என்றார்கள். ஏப்ரல் மாதத்தில், அந்த வழியாகப் பள்ளிக்குப் போகும் எந்தப் பிள்ளைதான் சாப்பிடாமல் இருந்திருக்கும்? நோய் வராத வீடுகளில் ஒன்றில்கூட நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பதினோராவது வீட்டில் நோய் வந்தது குழந்தைக்கு இல்லை. இடுப்பெலும்பு முறிந்து மூன்று மாதமாகப் படுத்த படுக்கையாக இருந்த ஒரு பெண்மணிக்கு. அவர் வாசலைத் தாண்டியதே இல்லை. குடித்ததெல்லாம் வீட்டுக் குழாய்த் தண்ணீர். அது என் நோட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது. செய்தியில் இல்லை. வீட்டில் யாராவது அவருக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்திருக்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். திரும்பிப் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கால் மணி நேர நடை. கேட்கவில்லை. கேட்டால் செய்தி போய்விடும் என்று உள்ளே எங்கேயோ தெரிந்திருந்தது. அன்று சாயங்காலம் வீட்டில் நீ, "நானுந்தாம்மா தெனமும் திங்கிறேன், எனக்கு ஒண்ணும் வரலயே" என்றாய். இனிமேல் தின்றால் தோலை உரித்துவிடுவேன் என்று உன்னை அதட்டினேன். சரியாகச் சொல்ல வேண்டும் என்றால், உனக்கு வரவில்லை என்பது மட்டும் எதையும் நிரூபிக்காது. கெட்ட ஐஸ் தின்ற எல்லோருக்கும் காமாலை வந்தே தீரும் என்றில்லை. ஆனால் அது கேட்டு எழுதிக்கொள்ள வேண்டிய தகவல். நான் அதட்டல்தான் போட்டேன்.

செய்தியில் 'சந்தேகிக்கப்படுகிறது' என்றுதான் எழுதிக் கொடுத்தேன். தலைப்பில் இடம் போதவில்லை என்று செய்தி ஆசிரியர் மேஜையில் அதை எடுத்துவிட்டார்கள். புரூஃப் என் கைக்கு வந்தது. பார்த்தேன், திருத்தவில்லை. மறுநாள் லூர்து அண்ணனின் ஐஸ் பெட்டியை யாரோ சாக்கடையில் கவிழ்த்துவிட்டார்கள். மூன்று வாரம் கழித்துத் தெருவைத் தோண்டினார்கள். சாக்கடைக்குள்ளேயே ஓடிய குடிநீர்க் குழாய் உடைந்திருந்தது. உள்பக்கத்தில் நான்கு வரி திருத்தம் போட்டோம். நான் அவரைத் தேடிப் போனேன். கடை இருந்த இடத்தில் செருப்புத் தைப்பவர் உட்கார்ந்திருந்தார். லூர்து அண்ணன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, காப்பி கொடுத்துவிட்டுத்தான் பேசினார். "நீ சந்தேகப்பட்டது தப்புன்னு சொல்லலம்மா. புள்ளைங்க சாவக் கெடக்கும்போது யாரு மேலயும் சந்தேகம் வரும். ஆனா என் ஐஸ ஒரு டப்பாவுல போட்டு லேபுக்குக் குடுன்னா நானே குடுத்திருப்பேனே. நீ கேக்கவே இல்லையே." அதற்கப்புறம் அவர் கடை வைக்கவில்லை. ஒரு பெயிண்ட் கம்பெனியில் வாட்ச்மேனாகப் போனார். இன்று இல்லை. அந்த நான்கு வரித் திருத்தம் போதாது என்று இத்தனை வருடமும் தெரிந்தே சும்மா இருந்தேன். இதை அச்சில் போட ஆசைப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஐஸ் காரணம் என்று நான் நினைத்தது ஒரு கருதுகோள். அறிவியலில் அது இழிவான சொல் இல்லை. கருதுகோள் இல்லாமல் எந்த ஆராய்ச்சியும் தொடங்காது. ஒரு குறிப்பிட்ட நிகழ்வுக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று சொல்லி, அது உண்மையானால் எதைப் பார்ப்போம், பொய்யானால் எதைப் பார்ப்போம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஐஸ்தான் காரணம் என்றால் ஐஸில் கிருமியின் தடயம் கிடைக்க வேண்டும், சாப்பிட்டவர்களுக்குச் சாப்பிடாதவர்களைவிட அதிகமாக நோய் வந்திருக்க வேண்டும், வாசல் தாண்டாத பெண்மணிக்கு வந்ததற்கு விளக்கம் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்றையும் நான் பார்க்கவில்லை. என் கருதுகோள் தப்பாகப் போனதற்கு நான் வெட்கப்படவில்லை, தப்பாகப் போவது கருதுகோள்களுக்கு வழக்கம். அதைச் சோதிக்காமலே முடிவாக விற்றதற்குத்தான் வெட்கப்படுகிறேன்.

கோட்பாடு என்பது வேறு. நோய்களை நுண்ணுயிர்கள் உண்டாக்குகின்றன என்பது ஒரு கோட்பாடு. பால் ஏன் கெடுகிறது, புண் ஏன் சீழ் வைக்கிறது, பிரசவ அறையில் கை கழுவினால் ஏன் தாய்மார்கள் பிழைக்கிறார்கள், ஒரே கிணற்றில் குடித்த தெருவுக்கு ஏன் ஒரே நோய் வருகிறது என்று, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் கிடந்த பலவற்றை ஒரே விளக்கத்துக்குள் கொண்டுவந்து, பல நாடுகளில் பலர் பலமுறை தகர்க்கப் பார்த்தும் நின்றது. அதிலும் திருத்தம் வரும், எல்லா நோயும் கிருமியால் வருவதில்லை என்று பிறகு தெரிந்ததைப் போல. ஆனால் அதை யாரும் அனுமானம் என்று சொல்ல மாட்டார்கள். அந்த ஆசிரியை கேட்டது இதைத்தான். உங்கள் தண்ணீரை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப உனக்குத் தோன்றியதே இந்தக் கோட்பாட்டினால்தான். லூர்து அண்ணன் விஷயத்தில் என் கருதுகோள் விழுந்தபோது இந்தக் கோட்பாட்டுக்கு ஒரு கீறலும் விழவில்லை. உடைந்த குழாயைக் கண்டுபிடிக்கவும் அதுதான் வழி காட்டியது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாந்தம்மாவின் குழி பற்றிய உங்கள் சந்தேகம் நாளைக்கே சரியென்று உறுதியானாலும் அது கோட்பாடாகிவிடாது. பொம்மனஹள்ளியில் ஒரு குழி ஒழுகுகிறது என்ற தகவலாகும். கருதுகோள் பாஸானால் கோட்பாடு வகுப்புக்குப் போகும் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டும் செய்யும் வேலையே வேறு.

இதையெல்லாம் உனக்கு நான் சொல்லித்தருவதாக நினைக்காதே. சாப்ட்வேரில் பிழை தேடுவது உன் பிழைப்பு. போன வருடம் நீ மூன்று நாள் வீட்டுக்கு வராமல் ஆபீசிலேயே கிடந்தாயே, எல்லோரும் பக்கத்து டீமின் சர்வர்தான் காரணம் என்று சத்தியம் செய்தார்கள், நீ மட்டும் அந்தச் சர்வரை நிறுத்திவிட்டு ஓட்டிப் பார்க்கலாம் என்றாய். நிறுத்திய பிறகும் பிழை வந்தது. கடைசியில் அது உங்கள் டீம் எழுதியதிலேயே இருந்தது. "பக்கத்து டீம் மேல தூக்கிப் போடறதுதாம்மா ரொம்ப ஈஸி" என்று இங்கே சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொன்னாய். எனக்கு அன்று எவ்வளவு பெருமையாக இருந்தது என்று உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நான் அந்தப் பதினோராவது வீட்டுக்குத் திரும்பிப் போகாத இடத்தில், நீ போயிருக்கிறாய்.

குழந்தை படுத்திருக்கும்போது காத்திரு என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்று நீ கேட்பாய். கேட்பது நியாயம். ஆனால் எதற்குக் காத்திருக்க வேண்டும், எதற்குக் காத்திருக்கக் கூடாது என்பது இங்கே தெளிவாக இருக்கிறது. கிருமி இருக்கிறது என்று அறிக்கை வந்துவிட்டது. அந்த நிமிடமே போர்வெல்லை நிறுத்தியிருக்க வேண்டும், தரைக்கடியில் இருக்கும் சம்ப் தொட்டியைக் கழுவியிருக்க வேண்டும், நாற்பது வீட்டிலும் தண்ணீரைக் காய்ச்சச் சொல்லியிருக்க வேண்டும். இதற்கு யார் குற்றவாளி என்று தெரிய வேண்டியதே இல்லை. ரம்யா காய்ச்சுகிறாள், கேட்டுவிட்டேன். ஆனால் உங்கள் மோட்டார் இன்று காலையும் ஓடியது, தண்ணீர் டேங்கர் வரவழைக்கவில்லை. கூட்டம் போட்டு மனு எழுதிய உங்களுக்கு மோட்டாரை நிறுத்தத் தோன்றவில்லை. நாங்கள் அந்தக் காலத்தில் ஐஸ்கடையை ஒழித்துவிட்ட நிம்மதியில் மூன்று வாரம் அதே குழாய்த் தண்ணீரைக் குடித்த மாதிரி. அந்த மூன்று வாரத்தில் இன்னும் ஆறு குழந்தைகள் படுத்தார்கள். அந்தக் கணக்கும் என் பெயரில்தான் இருக்கிறது. மனுவில் உள்ளபடி அந்த எட்டு அறைகளைக் காலி செய்துவிட்டு, ஒழுகுவது உங்கள் சேம்பராகவே இருந்தால், இருபத்துநான்கு பெண்கள் தெருவில் நிற்பார்கள். யாழினியும் அதே தண்ணீரைத்தான் குடிப்பாள்.

சாந்தம்மாவின் குழியாகவே இருக்கலாம். அப்படித் தெரிந்தால் அதையும் இதே பக்கத்தில் எழுதுவேன், அந்த அம்மாளிடமும் சொல்லிவிட்டேன். "பரீரி, எழுதுங்க" என்றார்.

இனி நிலுவையில் இருப்பவை. பாட்டில்களோடு சேர்த்துக் கொடுத்த லைன் வீட்டுப் போர்வெல் தண்ணீரின் கிருமிச் சோதனை அறிக்கையும், நம் பாட்டில்களில் சாயம் இருக்கிறதா என்ற அறிக்கையும் சனிக்கிழமை மதியம் கிடைக்கும் என்று ஆய்வுக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்கள். செல்வம் அதுவரை பாட்டில் பிடிப்பதை நிறுத்தமாட்டார். உங்கள் சங்கக் கூட்டம் ஞாயிறு காலை பத்து மணிக்கு, மனுவில் கையெழுத்து அப்போதுதான். கார் நிறுத்தும் இடத்துக்குக் கீழே உள்ள உங்கள் கழிவுநீர் சேம்பரில் சிவப்புச் சாயம் ஊற்ற, செல்வம் நாளை, வியாழன் காலை ஏழு மணிக்கு வருகிறார். செயலாளர் அனுமதித்தால் மட்டுமே மூடியைத் திறக்க முடியும் என்று வாட்ச்மேன் சொல்லிவிட்டாராம். நீ திறக்கச் சொல்வாய் என்று நினைக்கிறேன். அதற்கு என்னிடம் உள்ள ஆதாரம், உன்னை முப்பத்துநான்கு வருடமாகப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும்தான். அது போதாது. ஏழு மணிக்கு வந்து உங்கள் கேட்டுக்கு வெளியே நிற்கிறேன்.

அம்மா